நோங்ரியாட் வேர்ப் பாலங்கள்: இறங்கி, தங்கி, படமெடுத்துத் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடைக்கு மேலே மரத்தின் உயிருள்ள வேர்களை வளைத்து, வளர்த்து உருவாக்கிய மேகாலயா வேர்ப் பாலங்களுக்குக் கிளம்புகிறவர்கள் எந்த லென்ஸ் எடுத்துப் போவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அங்கே படம் கெடுவது பெரும்பாலும் முட்டியால்தான். நண்பகலில் கால் நடுங்க வந்து சேர்கிறார்கள், நூறு பேருக்கு நடுவே நாலு படம் எடுக்கிறார்கள், இருட்டுவதற்குள் மேலே ஏற வேண்டுமே என்று ஓடுகிறார்கள். கேமரா எவ்வளவு விலை என்றாலும் இந்த அவசரத்துக்கு அதனிடம் மருந்து கிடையாது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி நடையைப் பற்றியது, மீதிதான் படத்தைப் பற்றியது. வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

1. எந்தப் பாலம் முதலில்?

வேர்ப் பாலங்கள் காசி மலை, ஜெயின்டியா மலைகளின் தெற்குச் சரிவுகளில், வங்கதேச எல்லையைப் பார்த்த பள்ளத்தாக்குகளில் சிதறிக் கிடக்கின்றன. புதிதாகப் போகிறவர் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ரிவாய்: மாவ்லின்னோங் கிராமத்துக்குப் பக்கம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் படி இறங்கினால் வந்துவிடும். வயதானவர்கள், குழந்தைகள் எல்லோரும் போகலாம். ஆகவே எப்போதும் கூட்டம்.

நோங்ரியாட்: புகழ்பெற்ற இரட்டை அடுக்குப் பாலம். டிர்னா கிராமத்தோடு சாலை முடிந்துவிடும். அங்கிருந்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகள்.

ரங்திலியாங்: பின்னுர்ஸ்லா பக்கம். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். கூட்டம் குறைவு, ஆனால் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போவது நல்லது.

ரிவாயை முதலில் பார்த்துவிட்டு நோங்ரியாட்டுக்குப் போங்கள். ரிவாயில் நல்ல படம் கிடைக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. கூட்ட நாளில் பாலத்தின் மேல் நிற்கவே விடமாட்டார்கள், நடந்துகொண்டே இருக்கச் சொல்வார்கள். ஆனால் அந்த இருட்டு, அந்த ஈரம், இலைகளுக்கு நடுவே கண்ணைக் கூசும் வானம் இவையெல்லாம் அங்கேயும் அப்படியேதான். உங்கள் கேமரா இதில் எங்கே திணறுகிறது என்று களைப்பில்லாமல் தெரிந்துகொள்ள அதுதான் இடம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ரிவாயும் நோங்ரியாட்டும் ஒரே சாலையில் இல்லை. ஷில்லாங்கிலிருந்து வரும் வழி உம்டிங்கர் என்ற இடத்தில் பிரிகிறது: ஒன்று சோரா என்கிற சிரபுஞ்சிக்கு, நோங்ரியாட் அந்தப் பக்கம்; மற்றது பின்னுர்ஸ்லா வழியாக எல்லையோர டாவ்கி பக்கம், ரிவாய் அந்த வழியில். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று சொல்லும் டிரைவரை நம்ப வேண்டாம்.

2. எந்த மாதம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். சோராவில் ஆண்டுக்குப் பதினோராயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான். வேர்கள் பாசியேறிக் கரும்பச்சையாக இருக்கும், ஓடை நிறைந்திருக்கும், படத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் படிகள் வழுக்கும், அட்டை ஏறும், ஓடைப் பாறைகளில் இறங்கவே முடியாத நாட்களும் உண்டு.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவு, குளத்து நீர் நீலப்பச்சை. நடைக்குச் சுகம். ஆனால் ஓடை மெலிந்திருக்கும், வேர் காய்ந்து சாம்பல் நிறத்தில் தெரியும்.

முதல்முறை போகிறவருக்கு என் சிபாரிசு அக்டோபர் இரண்டாம் பாதியும் நவம்பரும். மழை விட்டிருக்கும், பச்சை இன்னும் போயிருக்காது, ஓடையில் தண்ணீர் மிச்சமிருக்கும்.

தேதி போடும்போது சூரியனையும் கணக்கில் சேருங்கள். நாட்டின் கிழக்குக் கோடி என்பதால் குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்பே இருட்டு கட்டும். சென்னைப் பழக்கத்தில் "அஞ்சு மணி வரை வெளிச்சம் இருக்குமே" என்று நினைத்துத்தான் பலர் படிகளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

3. போய்ச் சேர்வதும் கைக்காசும்

குவஹாத்திதான் வாசல். விமானத்தில் வரலாம், பொறுமை உள்ளவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து கோவை, சேலம் வழியாகத் திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. குவஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் நூறு கிலோமீட்டர், அங்கிருந்து சோரா ஐம்பத்தைந்து. ஷில்லாங் பெரிய சந்தையான யூதுப் பக்கமிருந்து சோராவுக்கு ஷேர் சுமோ கிடைக்கும். ஆள் நிறைந்தால்தான் எடுப்பார்கள். காலையில் சீக்கிரம் நிறையும், மதியத்துக்கு மேல் காத்துக் கிடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பயண நாளாக வைக்காதீர்கள். அங்கே பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஞாயிறு தேவாலயத்துக்கு என்பதால் கடைகள் மூடியிருக்கும், சுமோக்கள் குறைவு. சனிக்கிழமையே கீழே போய்த் தங்கிவிட்டால் ஞாயிறு காலை பாலம் உங்களுக்கு.

சோராவிலேயே ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள். தங்குமிடம், சாப்பாடு, ஊருக்குக் கட்டும் நுழைவுக் கட்டணம், கேமராக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சில்லறையாக வேண்டும். கீழே சிக்னல் நிலையில்லாதது, ஜிபே வேலை செய்தால் அது அதிர்ஷ்டம்.

இந்தியக் குடிமக்களுக்கு மேகாலயாவுக்குள் நுழைய இன்னர் லைன் பர்மிட் வேண்டியதில்லை. இந்தி தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம். ஆங்கிலம் நன்றாகவே செல்லுபடியாகும்.

4. பை: எதைச் சோராவில் விட்டுவிட்டு இறங்குவது

பெட்டியைச் சோராத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு, ஒரு முதுகுப்பையோடு இறங்குங்கள். இறங்கும்போது எடை தெரியாது. மறுநாள் ஏறும்போது ஒவ்வொரு லென்ஸும் பேசும்.

கேமராப் பக்கம்: ஒரு அகலக்கோண லென்ஸ் (16–35 மி.மீ. அல்லது அதற்கு இணையானது), ஒரு 50 அல்லது 70–200 மி.மீ. லென்ஸ். இரண்டாவதில் எது உங்களிடம் லேசானதோ அது. போலரைசர் ஃபில்டர் கட்டாயம். ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன். ரப்பர் கால் வைத்த லேசான டிரைபாட். கூர்முனைக் கால் வேண்டாம், அது வேரைக் குத்தும். பேட்டரி இரண்டு, பவர் பேங்க், லென்ஸ் துடைக்கும் துணி நாலைந்து. ஒரு துணி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

உடம்புப் பக்கம்: நன்றாகப் பழகிய, அடியில் பள்ளமுள்ள ஷூ. புது ஷூ கொப்புளம் தரும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, முட்டியை மடக்கவும் விடாது. குடைக்குப் பதில் போஞ்சோ, ஏனென்றால் படியில் இரண்டு கையும் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச். மழை மாதமென்றால் அட்டைக்குச் சின்னப் பொட்டலம் உப்பு.

டிரோன் கொண்டுபோவதானால் முதலில் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். சர்வதேச எல்லை வெகு அருகில். பிறகு ஊர்ச் சபையிடம் கேட்க வேண்டும். இவ்வளவும் செய்து மேலே ஏற்றினாலும் தெரியப்போவது மரத்தின் தலைதான், பாலம் அடியில் ஒளிந்திருக்கும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

5. டிர்னாவிலிருந்து இறங்குவது

காலை ஏழு மணிக்குள் டிர்னாவில் இருங்கள். படி தொடங்கும் இடத்தில் மூங்கில் தடி வாடகைக்குக் கிடைக்கும். கௌரவம் பார்க்காமல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது முட்டியில் விழும் எடையில் கொஞ்சத்தை அது தாங்கும்.

திருப்பதிக்கு அலிபிரி வழியாக நடந்தவர்களுக்குப் படிகளின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கே வரிசை தலைகீழ்: முதலில் இறக்கம், கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். இறங்குவது சுலபம் என்று துள்ளிக் குதித்து இறங்குகிறவர்கள்தான் மறுநாள் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடக்கிறார்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை விறைப்பாக நீட்டாதீர்கள், செங்குத்தான இடத்தில் உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள்.

நோங்திம்மாய் கிராமத்தில் ஒரு கிளைப்பாதை ரிட்டிம்மென் பாலத்துக்குப் போகும். சுமார் முப்பது மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாலம், அழகானது. எல்லோரும் "திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தாண்டிப் போவார்கள். திரும்பும்போது யாருக்கும் அந்தக் கூடுதல் படிகளில் இறங்க மனம் வராது. போகும்போதே பார்த்துவிடுங்கள். காலையில் ஆளும் இருக்காது.

பிறகு கம்பிவடத் தொங்குபாலங்கள் வரும். கீழே பெரிய பாறைகளும் நீரும். கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, ஆள் இடைவெளி விட்டு நடங்கள். நடுவில் நின்று செல்ஃபி எடுக்கிறவரால் பாலம் ஆடுவது அவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத்தான் தெரியும்.

எதிரே நெற்றிப் பட்டையில் கூம்புக் கூடையை மாட்டிக்கொண்டு ஊர்க்காரர்கள் வருவார்கள். பாக்கு, பிரிஞ்சி இலை, சில நேரம் உங்களுக்குச் சமைக்கப் போகும் அரிசி. மலைச்சுவர் பக்கமாக ஒதுங்கி நின்று வழி விடுங்கள். சுமையோடு ஏறுகிறவரை நிறுத்துவது பெரிய தொல்லை.

நிதானமாக நடந்தால் ரிட்டிம்மென் சேர்த்து இரண்டரை மணி நேரத்தில் நோங்ரியாட் வந்துவிடலாம்.

6. கீழே ஓர் இரவு: இதைத் தவிர்க்காதீர்கள்

இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் காலை பதினொன்றிலிருந்து மதியம் இரண்டு வரை பாலத்தடியில் குவிவார்கள். வெளிச்சமும் அப்போதுதான் மோசம். மூன்று மணிக்கு மேல் ஊர் அமைதியாகிவிடும். மறுநாள் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பாலத்தில் ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

தங்கும் வீடுகள் எளிமையானவை. கட்டில், கொசுவலை, சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை. சைவர்கள் வந்தவுடனேயே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. சீசனில் சோராவிலிருந்தே போன் செய்து இடம் சொல்லி வையுங்கள்.

பெண்களைக் 'காங்' என்றும் ஆண்களை 'பா' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நம் அக்கா, அண்ணன் போல. 'குப்ளே' என்றால் நன்றி, வணக்கம், வாழ்த்து எல்லாம்தான். ஆட்களைப் படமெடுப்பதற்கு முன் இந்த மூன்று சொற்களோடு போய்க் கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

யாராவது குவாய் நீட்டினால் அது உபசரிப்பு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு: நம் தாம்பூலமேதான். ஆனால் ஊறவைத்த பச்சைப் பாக்கு. பழக்கமில்லாதவருக்குக் காது சூடாகி, வேர்த்து, தலை சுற்றும். ஏறும் நாளன்று காலையில் போட வேண்டாம். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து போடுங்கள்.

7. கேமராவை எடுப்பதற்கு முன்

குளிர்ந்த காரிலிருந்தோ அறையிலிருந்தோ கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் பனித்துப்போகும். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவைத்து இருபது முப்பது நிமிடம் காத்திருங்கள்.

அந்த நேரத்தில் வெறுங்கையோடு பாலத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். இரண்டு அடுக்கும் பிரிந்து தெரியும் இடம் எது, கீழடுக்கு எந்தக் கோணத்தில் பாறைக்குப் பின்னால் மறைகிறது, வானம் எங்கே ஓட்டையாகத் தெரிகிறது என்று பாருங்கள். புதியவர்கள் வந்த உடனே முதலில் நின்ற இடத்திலிருந்தே ஐம்பது படம் எடுப்பார்கள். ஐம்பதும் ஒரே படம்.

பாலத்தில் ஏறும்போது கூட்டமாக ஏறாதீர்கள், கைப்பிடி வேர்களில் தொங்காதீர்கள். தடித்த வேர்தான் எடையைத் தாங்குகிறது. பக்கத்தில் நூலளவு ஓடும் இளவேர்கள்தான் அடுத்த தலைமுறைக்கான தாங்கல். அவற்றை மிதித்தால் இருபது வருட வேலை வீணாகும்.

8. இரட்டை அடுக்கைப் படமெடுப்பது

முதலில் வெளிச்சம். வெயில் நாளில் இலை இடுக்குகள் வழியாக வெள்ளைத் திட்டுகள் விழும், அதற்குப் பக்கத்திலேயே கரிய நிழல். எந்த கேமராவாலும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. மேகமூட்டமான நாள், அல்லது சூரியன் பள்ளத்தாக்குக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முந்தைய காலை. இவைதான் உங்கள் நேரம். தூறல் வந்தால் கொண்டாடுங்கள்.

படச் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வானத்தை விடாதீர்கள். மேலே கொஞ்சம் வெள்ளை வானம் நுழைந்தாலும் கண் அங்கேதான் போகும், கேமராவும் அதைப் பார்த்து மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கும். லென்ஸைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து, மேலடுக்குக்கு மேல் இலைக்கூரையோடு நிறுத்துங்கள்.

பிறகு போலரைசர். ஈர இலையும் ஈர வேரும் வானத்தைப் பிரதிபலித்து வெளிறித் தெரியும். ஃபில்டரைத் திருப்பினால் அந்த வெளிறல் போய்ப் பச்சை எழும்பி வரும். ஆனால் முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். வேரின் மேல் ஒரு மெல்லிய மினுமினுப்பு இருந்தால்தான் அது உருண்டையாகத் தெரியும். அதையும் அழித்துவிட்டால் வேர் தட்டையான பழுப்புக் கோடாகிவிடும். மினுமினுப்பு பாதி குறைந்ததும் நிறுத்துங்கள்.

போலரைசர் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). எனவே டிரைபாட். அதைப் பாலத்தின் மேல் வைக்காதீர்கள்: ஒருவர் நடந்தாலே அதிர்வு வரும், வழியும் அடைபடும். எதிரே ஓடைப் பாறைகளில், தாழ்வாக வையுங்கள். தாழ்வாக வைத்தால் கீழடுக்கும் மேலடுக்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இடைவெளியோடு நிற்கும்.

தொடங்க ஓர் அளவு: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8 அல்லது 11, ஷட்டர் அரை வினாடியிலிருந்து இரண்டு வினாடி வரை, ரா வடிவம் (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு), இரண்டு வினாடி டைமர். அரை வினாடியில் ஓடை நீரின் இழைகள் தெரியும். பத்து வினாடி வைத்தால் பால் கொட்டியது போலாகிவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை. காற்றில் இலை அசைந்து கலங்கினால் டிரைபாடை நகர்த்தாமல் இன்னொரு படம் எடுங்கள்: ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, ஷட்டரை வேகமாக்கி. நீரை முதல் படத்திலிருந்தும் இலையை இரண்டாவதிலிருந்தும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, வேருக்குப் பார்க்காமல், சட்டத்தில் மிக வெளிச்சமான இலைக்குப் பாருங்கள். இருட்டை ரா கோப்பில் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

ஆள் இல்லாத பாலத்தின் அளவு படத்தில் யாருக்கும் புரியாது. துணைக்கு வந்தவரை மேலடுக்கின் நடுவில் ஒரு வினாடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். சிவப்பு, மஞ்சள் சட்டை நல்லது. பச்சையும் கறுப்பும் காணாமல் போய்விடும்.

ஓடையில் நிற்கும்போது காதைத் திறந்து வைத்திருங்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்தால் நீர் திடீரென்று ஏறும். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, படத்தைப் பார்க்காதீர்கள். டிரைபாடோடு கரையேறுங்கள்.

9. கிட்டத்தில் பார்க்க வேண்டியவை

எல்லோரும் அகலப் படத்தோடு திருப்தியாகிவிடுகிறார்கள். என் கணக்கில் நல்ல படங்கள் கைப்பிடியில்தான் இருக்கின்றன.

ஒரு முழம் தூரத்தில் குனிந்து பாருங்கள். கைத்தடி அளவு இரண்டு வேர்கள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் பட்டை கரைந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒரே உடம்பாகியிருக்கும். அதன் மேல் பென்சில் தடிமனில் வெளிர்நிற இளவேர் ஒன்றை யாரோ இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகியிருப்பார்கள். அந்தச் சுற்றில்தான் மனிதக் கை தெரிகிறது. நடைபாதையில் வேர்களுக்கு இடையே கற்கள் பதித்திருப்பதையும், இளவேர்களுக்கு வழிகாட்டப் பிளந்த பாக்குமரத் தண்டோ மூங்கிலோ வைத்திருந்தால் அதையும் எடுங்கள்.

இதற்கு 50 அல்லது 70–200 லென்ஸ், எஃப்/5.6, ஷட்டர் 1/125க்குக் குறையாமல். ஐஎஸ்ஓ 3200 வரை போனாலும் பரவாயில்லை, பட்டையின் சொரசொரப்பில் புள்ளிகள் தெரியாது.

சில வேர்களில் பெயர் கீறியிருப்பதைப் பார்ப்பீர்கள். இந்த வேர்களுக்குரிய மரம் நம் வீட்டுத் தொட்டிகளில் வளர்க்கும் ரப்பர் செடியேதான். கீறினால் வெள்ளைப் பால் வடியும், தழும்பு வருடக்கணக்கில் இருக்கும்.

10. போனில் எடுக்கிறவர்களுக்கு

வெளிச்சமான இலையில் தொட்டு, பிரகாசத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். அல்ட்ராவைடு லென்ஸ் இருட்டில் மங்கும், முக்கிய லென்ஸிலேயே பின்னால் நகர்ந்து எடுங்கள். போனைப் பாறையில் சாய்த்து வைத்து நைட் மோடில் எடுத்தால் நீர் ஓரளவு இழையும். எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். பாதிப் "பனிமூட்டப்" படங்கள் விரல் எண்ணெயில் உருவானவை.

11. ஏறுவது

காலைப் படம் முடித்து, சாப்பிட்டு, பத்து மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். ரெயின்போ அருவியும் பார்க்க வேண்டுமென்றால் அது நோங்ரியாட்டிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே. அதற்கு இரண்டாவது இரவு தங்குங்கள். அருவியையும் ஏற்றத்தையும் ஒரே நாளில் திணிப்பவர்களைத்தான் மாலையில் போன் டார்ச்சோடு படிகளில் பார்க்க முடிகிறது.

ஏற்றத்துக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். நூறு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள், உட்கார வேண்டாம். உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும். தண்ணீரில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டு அன்று காலை ஏறுவது என்ற திட்டமே வேண்டாம். அன்றிரவு சோராவிலோ ஷில்லாங்கிலோ கழியட்டும்.

12. மேலே வந்த பிறகு

கேமராவையும் லென்ஸையும் அன்றிரவே பையிலிருந்து வெளியே எடுத்து, மூடிகளைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈரப் பைக்குள்ளேயே ஊருக்குக் கொண்டுவந்தால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மறுநாள் பைக்குள் போகட்டும்.

எடிட் செய்யும்போது பச்சை நிறத்தின் அடர்த்தியை ஏற்றாதீர்கள், கொஞ்சம் குறையுங்கள். அடர்காட்டில் எல்லா வெளிச்சமும் இலை வழியாக வருவதால் வேரிலும் முகத்திலும் ஏற்கெனவே பச்சை படிந்திருக்கும். ஒயிட் பேலன்ஸை 5500–6000 கெல்வினுக்குக் கொண்டுவந்து, மெஜந்தா பக்கம் ஒரு துளி தள்ளினால் வேரின் பழுப்பு திரும்பி வரும்.

பகிரும்போது நோங்ரியாட், ரிவாய் என்று தாராளமாகப் போடுங்கள், அவை எப்படியும் தெரிந்த இடங்கள். ஊர்க்காரர் ஒருவர் தன் பாக்குத் தோட்டத்துக்குப் போகும் வழியில் உங்களை நம்பிக் காட்டிய சின்னப் பாலமென்றால், இடக்குறிப்பைப் போடலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.